இரண்டு வாரத்தில் கைவிடாமல் இயற்கையான உணவுப் பழக்கத்துக்கு மாறுவது எப்படி?

பாக்கெட் உணவுகளையும் இனிப்புப் பானங்களையும் விட்டுவிட்டுக் காய்கறி, பழம், பயறு என்று இயற்கையான உணவுக்கு மாற மூன்று முறை முயன்றதாகவும், மூன்று முறையும் இரண்டாவது வாரம் முடிவதற்குள் பழைய வழக்கமே திரும்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மன உறுதிக் குறைவுதான் காரணமா, ஆர்கானிக் பொருள்களை மட்டும் வாங்கினால்தான் பயன் உண்டா, பழச்சாறு பிழியும் கருவி ஒன்று வாங்கினால் எளிதாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உணவு ஆலோசனைப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மன உறுதிக்கு இதில் சிறு பங்குதான் உண்டு. நீங்கள் விவரித்த மூன்று முயற்சிகளும் ஒரே விதமாகத்தான் தொடங்கியிருக்கின்றன. முதல் நாளே அலமாரியைக் காலி செய்து, மூன்று வேளை உணவையும் ஒரே மூச்சில் மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் களைத்துப்போய் வீடு திரும்பும் மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடத்தில் தட்டுக்கு வரக்கூடியதாக என்ன இருக்கும் என்பதற்கு எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. பசியோடு இருப்பவர் கைக்கு எட்டுவதைத்தான் உண்பார். ஆகவே எது நல்ல உணவு என்பதைக் காட்டிலும், அதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருப்பது எப்படி என்பதற்கே இந்தப் பதிலில் அதிக இடம் தரப்போகிறேன்.

அதற்கு முன் 'இயற்கை உணவு' என்ற சொல்லைக் கொஞ்சம் நேர்செய்துகொள்வோம். கடைகளில் இந்தச் சொல் எதன்மீது வேண்டுமானாலும் அச்சிடப்படுகிறது. பாதிக்குப் பாதி சர்க்கரை கொண்ட பிஸ்கட்டின் உறையிலும் பச்சை இலைப் படம் இருக்கிறது. இதைவிடப் பயனுள்ள ஒரு பகுப்பை பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ 2009 முதல் முன்வைத்து வருகிறார். உணவை அதில் உள்ள சத்துகளைக் கொண்டு பிரிக்காமல், அது எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு நான்கு பிரிவுகளாக அவர் பிரித்தார். காய், பழம், பருப்பு, தானியம், முட்டை, மீன், பால் போன்று பெரிதும் மாறாமல் வருபவை முதற்பிரிவு. எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்று சமையலுக்கு உதவுபவை இரண்டாவது. இவ்விரண்டும் சேர்ந்து உருவாகும் எளிய ரொட்டி, பாலாடைக்கட்டி, உப்பிட்ட காய் போன்றவை மூன்றாவது. மாவுச்சத்து, புரதத் தூள், மணமூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கவைக்கும் குழைமமாக்கி என்று உணவிலிருந்து பிரித்தெடுத்த கூறுகளையும் சேர்மங்களையும் கொண்டு ஆலையில் கட்டப்படுபவை நான்காவது. இந்த நான்காம் பிரிவையே மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்கிறோம். 2014இல் பிரேசில் அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி இந்தப் பகுப்பை அடிப்படையாகக் கொண்டது. முதற்பிரிவுப் பொருள்களையும் அவற்றைக் கொண்டு வீட்டில் சமைத்தவற்றையும் நான்காம் பிரிவுக்கு மேலாகத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே அதன் மையமான அறிவுரை. நீங்கள் தேடும் வரையறை இதுதான் என்று நினைக்கிறேன். இதில் தயிரும் ஓட்ஸும் உறைய வைத்த பட்டாணியும் நல்ல பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். பதப்படுத்துதல் அனைத்தும் குற்றமன்று.

இந்தப் பகுப்பு வெறும் கருத்தா, உடலில் வேறுபாடு தெரியுமா என்ற கேள்விக்கு 2019இல் ஒரு நல்ல சோதனை விடை தந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும் இரண்டு வாரம் பெரிதும் பதப்படுத்தப்படாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளப்பட்டன. எவ்வளவு உண்பது என்பது மட்டும் உண்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தார்கள். யாரும் அவர்களைக் குறைத்து உண்ணச் சொல்லவில்லை, அதிகமாக உண்ணவும் சொல்லவில்லை. சோதனை சிறியது, காலமும் குறுகியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் உங்கள் தோல்விக்கு உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்த உணவை உண்டபோது அவர்கள் வேகமாகவும் உண்டார்கள் என்பது அந்த ஆய்வில் பதிவான இன்னொரு செய்தி. மெல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி உருவாக்கப்பட்ட பண்டம், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தொண்டையைக் கடந்துவிடுகிறது.

பழச்சாறு பற்றிய உங்கள் கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கிறது. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆப்பிளை முழுப் பழமாகவும் கூழாகவும் சாறாகவும் ஒரே அளவு சர்க்கரை இருக்கும்படி கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றைப் பழத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். பழம் உண்டவர்களுக்கே வயிறு அதிகம் நிறைந்தது. மூன்றிலும் இரத்தச் சர்க்கரை ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது என்றாலும், சாறு குடித்தபின் அது சட்டென்று சரிந்தது. முழுப் பழம் உண்டபின் அந்தச் சரிவு இல்லை. ஒரே பழம், ஒரே சர்க்கரை, ஆனால் நாரும் செல் சுவரும் உடைக்கப்பட்டதும் உடல் அதை வேறொரு பொருளாகவே நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடுதான் கணக்கிடுகிறது, தேனையும் அப்படியே. எனவே சாறு பிழியும் கருவி வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உணவிலிருந்து எதை நீக்கிவிடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான், மருத்துவமனையில் மிஞ்சிய வெண்ணிறச் சோற்றை உண்டு வளர்ந்த கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசிக்கு மாற்றியதும் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். தீட்டும்போது போன தவிட்டில்தான் பின்னாளில் தயமின் என்று பெயர் பெற்ற பி1 வைட்டமின் இருந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முழுத் தானியம் உண்ணுங்கள் என்று இன்று எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்லும் அறிவுரையின் வேர்களுள் ஒன்று அந்தக் கோழிக் கூண்டில் இருக்கிறது.

தவிட்டோடு போவது வைட்டமின் மட்டுமன்று, நார்ச்சத்தும் போகிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் காய்கறியும் பழமும் உண்ணவும், உணவிலேயே இயல்பாக உள்ள நார்ச்சத்து 25 கிராமாவது கிடைக்கவும் வேண்டும் என்கிறது. இந்த நாரை நம் குடல் செரிக்காது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட்டைத்தான் பெருங்குடல் சுவரின் செல்கள் முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றன. 25 கிராம் என்பது மலைக்க வைக்கும் அளவு அன்று: ஒரு கோப்பை வெந்த முழுப் பருப்பில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது, தோலோடு உண்ணும் நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம், 40 கிராம் ஓட்ஸில் இன்னுமொரு 4 கிராம். பயறு வகைகளை நான் ஓயாமல் வலியுறுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நாரும் புரதமும் இரும்பும் ஒரே இடத்தில், அதுவும் மலிவாகக் கிடைக்கும் உணவு வேறு அதிகம் இல்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இதுவரை நாளுக்குப் பத்துக் கிராம் நாரோடு இருந்தவர் ஒரே நாளில் முப்பதுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும், நல்ல உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். உங்கள் இரண்டாவது முயற்சி வயிற்றுக் கோளாறில் முடிந்ததாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த ஐயம்தான் எழுந்தது. வாரத்துக்கு ஐந்து கிராம் என்ற அளவில் ஏற்றுங்கள், தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள்.

இனி எப்படித் தொடங்குவது என்பதற்கு வருவோம். நான் பார்த்தவரையில், நீக்குவதில் தொடங்கியவர்களைவிடச் சேர்ப்பதில் தொடங்கியவர்களே நிலைத்திருக்கிறார்கள். முதல் வாரம் எதையும் விடாதீர்கள். வழக்கமான மதிய உணவோடு ஒரு கிண்ணம் காய்கறியை மட்டும் கூடுதலாக வைத்து, அதை முதலில் உண்டுவிட்டு மற்றதற்கு வாருங்கள். கிண்ணம் வயிற்றில் எடுத்துக்கொள்ளும் இடத்தின் அளவுக்கு மற்றது தானாகக் குறையும். இது பழக்கமானபின் ஒரு வேளையை முழுதாக மாற்றுங்கள். அது காலை உணவாக இருப்பது நல்லது. காலை உணவைத்தான் பெரும்பாலோர் தனியாக, நேரம் பார்த்து, பெரிதாக யோசிக்காமல் உண்கிறார்கள், ஆகையால் ஒரே உணவைத் திரும்பத் திரும்ப உண்டாலும் சலிப்பு குறைவாகவே தட்டும். ஓட்ஸும் தயிரும் பழமும் ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்புகளும் என்றோ, முட்டையும் முழுத்தானிய ரொட்டியும் தக்காளியும் என்றோ இரண்டே இரண்டு ஏற்பாடுகளை முடிவுசெய்து, மாற்றி மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். இரவு உணவைக் கடைசியாகத் தொடுங்கள். அதில்தான் களைப்பும் குடும்பமும் கொண்டாட்டமும் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன.

ஒரு மாதம் என்று சொல்வது கூட ஆசைக் கணக்குதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவோடு ஒரு பழம் உண்பது போன்ற ஒரே ஒரு சிறு செயலை 96 பேர் தேர்ந்துகொண்டு பன்னிரண்டு வாரம் தொடர்ந்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இருபத்தோரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று சொல்லித் திரிபவர்களை இனி நம்ப வேண்டாம். அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அந்தத் தவறலால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. நீங்கள் மூன்றாவது முறை கைவிட்டது ஒரு திருமண விருந்துக்கு மறுநாள் என்று எழுதியிருந்தீர்கள். விருந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை. மறுநாள் காலை ஓட்ஸ் கிண்ணத்துக்குத் திரும்பாததுதான் இழப்பு.

வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரத்தைச் சமையலறைக்கு ஒதுக்கிவிட்டால் மற்ற ஆறு நாள்களின் போராட்டம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை நான் மிகைப்படுத்தாமல் சொல்ல முடியும். கொண்டைக்கடலை அல்லது பயறு வகைகளில் ஒன்றை முந்தைய இரவே ஊறவைத்து, அன்று மொத்தமாக வேகவைத்து, இரண்டு பாகமாக்கி, ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றொன்றை உறைநிலைப் பெட்டியிலும் வையுங்கள். முன்னது மூன்று நான்கு நாளைக்கு வரும், பின்னது வாரக் கடைசிக்கு. கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் போன்று நறுக்கினாலும் நான்கு நாள் தாங்குபவற்றை நறுக்கிவையுங்கள், கீரையை மட்டும் ஆய்ந்து உலர்ந்த துணியில் சுற்றி முழுதாக வையுங்கள், ஏனெனில் நறுக்கிய இலையில் வைட்டமின் சி வேகமாகக் குறையும். பிறகு மாலை ஏழு மணிக்கு வெந்த கடலையையும் நறுக்கிய காயையும் ஒரு வாணலியில் கொட்டிப் புரட்டி எடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் பாக்கெட்டைக் கிழிக்கும் இரண்டு நிமிடத்தோடு போட்டியிடக்கூடிய ஒன்று. ஐம்பது நிமிடச் சமையல் எந்த நாளும் அதனோடு போட்டியிட முடியாது. கூடவே, பழத்தைக் கழுவிக் கண்ணில் படும் மேசையில் வையுங்கள், பிஸ்கட் டப்பா வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அது ஏணி போட்டு எடுக்கும் உயரத்தில் இருக்கட்டும்.

சேமிப்பில் செய்யும் சிறு தவறுகளால் வாங்கிய காய் அழுகிப்போவதும், அழுகுகிறதே என்ற சலிப்பில் வாங்குவதையே நிறுத்துவதும் நான் அடிக்கடி பார்ப்பவை. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. அருகில் உள்ள கீரையும் வெள்ளரியும் புரோக்கோலியும் அந்த வாயுவால் விரைவில் மஞ்சளாகிக் கெடும், எனவே இவற்றைப் பிரித்து வையுங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளைக்கிழங்கை வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். இன்னொன்று: புதியது என்றால் சந்தையில் குவித்து வைத்திருப்பது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். பறித்த சில மணி நேரத்தில் கொதிநீரில் சற்றே அமிழ்த்தி எடுத்து உறையவைத்த பட்டாணியும் பீன்ஸும், ஐந்து நாள் லாரியிலும் கடையிலும் கிடந்து வாடிய காயைவிடச் சத்தில் குறைந்தவை அல்ல, சில வைட்டமின்களில் மேலாகவும் இருக்கும். உப்போ சாஸோ சேர்க்காத உறைகாய் ஒரு பொதி வீட்டில் இருப்பது உங்கள் நிலையில் உள்ளவருக்குப் பெரிய காப்பீடு.

பச்சையாக உண்பதே இயற்கை, சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் நீரில் கரைபவை, வெப்பத்தில் சிதைபவை. நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டால் அவற்றில் பெரும்பங்கு நீரோடு போகும், ஆவியில் வேகவைத்தாலோ குறைந்த நீரில் மூடி வைத்துச் சமைத்தாலோ இழப்பு குறையும். மாறாக, தக்காளியின் லைகோபீன், கேரட்டின் பீட்டா கரோட்டின் ஆகிய நிறமிச் சத்துகள் சமைத்து, சிறிது எண்ணெயும் சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேர்கின்றன. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படாத வகை. அதே வேளை உணவில் எலுமிச்சை, கொய்யா, குடமிளகாய் போன்று வைட்டமின் சி உள்ள ஒன்று இருந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும், உணவோடு தேநீரோ காபியோ குடித்தால் குறையும். இரத்தசோகை உள்ளவர்கள் அந்தக் கோப்பையை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது மாத்திரை இல்லாமலே கிடைக்கும் ஓர் ஆதாயம். சமைத்ததும் பச்சையாக உள்ளதும் இரண்டும் தட்டில் இருக்கட்டும். இதில் கட்சி கட்ட வேண்டிய தேவை இல்லை.

உப்புக்கும் சர்க்கரைக்கும் எண்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சேர்த்த சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம், அதைப் பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்று. 330 மில்லி இனிப்புக் குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் வந்துவிடுகிறது என்பதால், ஏதாவது ஒன்றைத்தான் விட முடியும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தப் பானத்தை. லேபிளைப் படிக்கும்போது உட்பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும் என்பதையும், சோடியம் என்று கொடுத்திருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம் என்று மாறுவதால் கணக்கில் குறிப்பிடும்படி எதுவும் மாறாது. செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்கு நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

முதல் சில வாரம் உணவு சப்பென்றிருப்பதாகத் தோன்றும், அது உண்மையும்கூட. மிகையான உப்புக்கும் இனிப்புக்கும் பழகிய நாக்கு அளவான சுவையைச் சுவையாகவே மதிக்காது. ஆனால் நாக்கின் இந்த அளவுகோல் நகரக்கூடியது. உப்பைப் படிப்படியாகக் குறைத்தவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் பழைய உணவையே கரிப்பதாகச் சொல்கிறார்கள். அதுவரை புளிப்பைப் பயன்படுத்துங்கள். எலுமிச்சை, பூண்டு, மிளகு, வறுத்த சீரகம், புதிய மூலிகை இலைகள் ஆகியவை உப்புக் குறைவை நன்றாக மறைக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதே பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும்: ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்பதற்கு முன் பத்துப் பதினைந்து முறை அது தட்டில் வந்து போக வேண்டியிருக்கலாம், மூன்றாவது முறை துப்பியதும் இவனுக்குப் பிடிக்காது என்று பெற்றோர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வற்புறுத்தாமல், லஞ்சமும் கொடுக்காமல், நீங்கள் உண்பதை அவர்கள் பார்க்கும்படி உண்ணுங்கள்.

இயற்கையானது என்பதனாலேயே தீங்கற்றது என்று கொள்ள முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆர்வத்தோடு மாறுபவர்கள்தான் இதில் தடுக்கி விழுகிறார்கள். பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம், சரியாக வேகாத சிறு அளவிலேயே கடும் வாந்தியை உண்டாக்கும். அதைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவெனக் கொதிக்கும் நிலையில் 30 நிமிடமாவது வேகவைக்க வேண்டும். கொதிநிலைக்கு எட்டாத மெதுசமையல் கருவியில் போட்டால் நச்சு கூடவும் கூடும். பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சு மிகுந்திருக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு வழி உண்டு. காய்ச்சாத பாலில் எந்தச் சிறப்பும் இல்லை, ஆபத்து உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுகின்றன, சோற்றில் பிழைத்திருக்கும் சில வித்துகள் சூடுபடுத்தினாலும் அழியாத நச்சை உண்டாக்கும்.

சிலர் என் பதிலைப் படித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போகாமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு நல்லது என்று பெயர் பெற்ற பழங்களிலும் கீரைகளிலும் உள்ள பொட்டாசியமே பகையாகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்கிறது. பால், முட்டை உட்பட விலங்கு வழி உணவு அனைத்தையும் விட்டவர்களுக்கு பி12 வேறு வழியில் கிடைத்தாக வேண்டும். எந்தக் காயும் கீரையும் அதை நம்பகமாகத் தராது.

ஆர்கானிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பூச்சிமருந்து எச்சம் பொதுவாகக் குறைவு என்பது உண்மை. சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் விலை காரணமாக நாளுக்கு 400 கிராம் உண்ண வேண்டிய காய்கறி 150 கிராமாகச் சுருங்குமானால் அது நட்டமான வியாபாரம். சாதாரணக் காயை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு எதுவும் வேண்டாம்.

பழச்சாறு கருவிக்கு ஒதுக்கிய பணம் மீதம் இருக்கிறது. அதில் கூர்மையான நல்ல கத்தி ஒன்று, நழுவாத அகன்ற வெட்டுப்பலகை ஒன்று, இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரங்கள் ஆறு, வீட்டில் இல்லையென்றால் ஒரு பிரஷர் குக்கர் ஆகியவற்றை வாங்குங்கள். காய் நறுக்குவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது என்று என்னிடம் சலித்துக்கொண்டவர்களிடம் வீட்டில் என்ன கத்தி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தக்காளித் தோலில் வழுக்கும் மழுங்கிய கத்தியைத்தான் வைத்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அதை வாங்கிவிட்டால், சனி இரவு கடலையை ஊறப்போட்டுவிடலாம்.